பொத்தானுக்கு முன் புளியங்கொட்டை

குளோரினின் அணு நிறை என்ன என்று கேட்டால், 35.5 என்று தூக்கத்திலும் சொல்லிவிடுவீர்கள். சரி, 35.5 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றைக் காட்டுங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? உலகம் முழுவதும் தேடினாலும் அப்படி ஓர் அணு கிடைக்காது. கடல் நீரிலும் இல்லை, அடுக்களை உப்பிலும் இல்லை. இயற்கையில் நிலைத்து நிற்கும் குளோரின் அணுக்கள் இரண்டே வகை. ஒன்றின் நிறை எண் 35, மற்றதன் நிறை எண் 37. நூறு அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ 76 அணுக்கள் முதல் வகை, 24 அணுக்கள் இரண்டாம் வகை. நாம் மனப்பாடம் செய்திருக்கும் 35.5 இவ்விரண்டின் சராசரி மட்டுமே. அண்ணனுக்கு 16 வயது, தம்பிக்கு 11 வயது, சராசரி பதின்மூன்றரை. ஆனால் பதின்மூன்றரை வயதுப் பிள்ளை அந்த வீட்டில் இல்லை அல்லவா?

ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வேறு வேறு நிறையுள்ள அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். தனிம வரிசை அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்பவை என்று பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இவற்றுக்குச் சமதானிகள் என்று பெயர். 1913-இல் பிரெடரிக் சாடி இந்தக் கருத்தை வெளியிட்டார். ஐசோடோப்பு என்னும் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். அதே காலத்தில் ஜே. ஜே. தாம்சன், நியான் வாயுவில் 20, 22 என்று இருவகை அணுக்கள் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டிருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆஸ்டன், 1919-இல் கேம்பிரிட்ஜில் முதல் நிறை நிறமாலை வரைவியை அமைத்துக் குளோரினை அதில் செலுத்தினார். 35-இலும் 37-இலும் கோடுகள் விழுந்தன, 35.5-இல் ஒன்றும் விழவில்லை. நூறாண்டுக் காலம் வேதியியலாரைக் குழப்பிய அந்த அரைப்பங்கு அன்றோடு விளங்கிவிட்டது. 1922-இல் அவருக்கு வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆஸ்டனின் கருவியின் வழி வந்தவைதாம் இன்று ஆய்வகங்களில் உள்ள நிறை நிறமாலைமானிகள். அவற்றுள் ஒருவகை செயற்படும் விதத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். பொருளை ஆவியாக்கி, அதன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிப் பறித்து, மின்புலத்தால் விரைவுபடுத்திக் காந்தப்புலத்தினூடே விடுவார்கள். எடை மிகுந்தது குறைவாக வளையும். எடை குறைந்தது நன்றாக வளையும். எந்த நிறையில் எத்தனை துகள்கள் வந்து சேர்ந்தன என்பதைக் குச்சி குச்சியாகப் படம் வரைந்து காட்டும். ஒரு சேர்மத்தின் ஐசோடோப்புகளால் அடுத்தடுத்து நிற்கும் குச்சிகளின் உயரங்களில் ஓர் ஒழுங்கு இருக்கும். அதைத்தான் ஐசோடோப்புக் கோலம் என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். மார்கழி மாதத்தில் வாசற்கோலத்தைப் பார்த்தே இது இன்னார் வீட்டுக் கோலம் என்று பாட்டிமார் சொல்லிவிடுவார்களே, அதுபோல் இந்தக் கோலத்தைப் பார்த்தே மூலக்கூறில் எத்தனை குளோரின், எத்தனை புரோமின் உள்ளன என்று சொல்லிவிடலாம்.

இன்று இந்தக் கோலத்தை வரைந்து தரப் பல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சேர்மத்தின் வாய்பாட்டை அச்சடித்துப் பொத்தானை அழுத்தினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் குச்சிகள் வந்து நிற்கும். பள்ளி மாணவர்களுக்கென்றே அமைந்தவையும் உண்டு. 2001-இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்ற கார்ல் வைமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தில், ஐசோடோப்புகளையும் அணு நிறையையும் பற்றிய அழகான ஒரு பாவனைச் சோதனை இருக்கிறது. ஐசோடோப்புகளை ஒரு பெட்டியில் நீங்களே இட்டுக் கலக்கலாம். சராசரி நிறை மாறுவதைக் காணலாம். இயற்கையில் உள்ள கலவை எப்படி என்பதையும் ஒரு தட்டலில் பார்க்கலாம். 2018 முதல் வெளிவந்த நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் கியூ.ஆர். குறியீடு வழியே இத்தகைய இணையச் செயற்பாடுகளுக்கு உங்களை அழைத்துச் செல்கின்றன. மிக நல்ல செய்தி. நாங்கள் படித்த நாளில் நிறை நிறமாலை என்றால், கறுப்பு வெள்ளையில் மங்கலாக அச்சான ஒரு படம் மட்டுமே.

ஆனால் என் கருத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொத்தானை முதலில் அழுத்தக் கூடாது. கடைசியில்தான் அழுத்த வேண்டும். பழைய வாத்தியாரின் பிடிவாதம் இது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மென்பொருள் தரும் படத்தில் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று வெறும் பெருக்கல் கணக்கு. அதை நீங்களே செய்யலாம். இன்னொன்று, யாரோ ஓர் ஆய்வகத்தில் அளந்து எழுதிவைத்த எண். அதை எந்தக் கணக்காலும் வருவிக்க முடியாது. எது எது என்று பிரித்தறியாமல் படத்தை நம்புகிறவர், பிறகு எங்கே நம்பக் கூடாது என்பதையும் அறிய மாட்டார். இதை நான் வெறுமனே சொன்னால் போதாது, செய்து பார்ப்போம்.

நான்கு புளியங்கொட்டைகளை எடுங்கள். தாயம் ஆடுவதற்குச் செய்வது போல ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். இனி, ஒரு குளோரின் அணுவுக்கு இரண்டு கொட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். உருட்டும்போது இரண்டுமே வெள்ளையாக விழுந்தால் அந்த அணு 37. வேறெப்படி விழுந்தாலும் 35. கொட்டை எப்பக்கமும் சமமாக விழும் என்று கொண்டால், இரண்டும் வெள்ளையாக விழுவது நான்கில் ஒரு முறை. ஆக 35-உம் 37-உம் 3:1 என்ற விகிதத்தில் வரும். இயற்கையின் 76:24-க்கு இது மிக நெருங்கியதே. இப்போது குளோரின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் என்பதால், இரண்டு இணைகளையும் சேர்த்து உருட்டுங்கள். எந்தக் கொட்டை எந்த இணை என்று தெரிய ஒரு இணையில் மையால் புள்ளி வைத்துவிடுங்கள். விழுந்ததைக் கூட்டிப் பார்த்தால் 70, 72, 74 என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு நான்கு முறை உருட்டினால் 160 மூலக்கூறுகள். அவற்றில் 70 என்பது 90 முறையும், 72 என்பது 60 முறையும், 74 என்பது 10 முறையும் வரவேண்டும் என்கிறது கணக்கு. அதாவது 9:6:1. கரும்பலகையில் குச்சிகளை வரைந்து பாருங்கள். எந்த மென்பொருளும் இல்லாமல் வகுப்பறையிலேயே ஒரு நிறை நிறமாலை!

உங்களுக்குச் சரியாக 90, 60, 10 வராது. 84, 63, 13 என்று வரலாம். இதனால் மனம் தளர வேண்டாம். பாடமே இங்குதான் தொடங்குகிறது. வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டு. 160 என்பது சிறிய எண்ணிக்கை என்பது ஒன்று. உருட்ட உருட்ட அது சரியாகிவிடும். மற்றது, உங்கள் கொட்டை உண்மையில் சமமாக விழுவதில்லை என்பது. தேய்த்த பக்கம் தட்டை, தேய்க்காத பக்கம் மேடு. எனவே ஒன்று நூற்றுக்கு 44 முறை வெள்ளையாக விழலாம், இன்னொன்று 57 முறை விழலாம். இதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. தனியாக எடுத்து இருநூறு, முந்நூறு முறை உருட்டி எண்ணித்தான் ஆகவேண்டும். குளோரினில் 35 நூற்றுக்கு 75.8 என்பதும் இத்தகைய எண்தான். எந்தச் சூத்திரமும் அதைத் தராது. உருட்டியது விண்மீன்கள், எண்ணியவர்கள் ஆஸ்டனும் அவருக்குப் பின் வந்தவர்களும்.

இனிப் பெருக்கல் பகுதிக்கு வருவோம். 301 என்ற எண்ணை எடுங்கள். 3 என்பது 35-இன் பங்கு, 01 என்பது 37-இன் பங்கு. இதை இதனாலேயே பெருக்கினால் 90601. வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியுங்கள்: 9, 06, 01. குளோரின் மூலக்கூறின் கோலம் வந்துவிட்டது! மீண்டும் ஒரு முறை 301-ஆல் பெருக்கினால் 27270901. அதாவது 27:27:9:1. மூன்று குளோரின் அணுக்கள் கொண்ட குளோரோஃபார்மின் கோலம் இது. நான்கு குளோரின் உள்ள கார்பன் டெட்ராகுளோரைடுக்கு இரண்டிலக்க இடம் போதாது. ஆகவே 3001-ஐ எடுத்து நான்கு முறை எழுதிப் பெருக்குங்கள். 81108054012001 என்று வரும். மூன்று மூன்றாகப் பிரித்தால் 81:108:54:12:1. புரோமினின் 79-உம் 81-உம் கிட்டத்தட்டச் சரிபாதி என்பதால் அதற்கு 101 போதும். இரண்டு புரோமினுக்கு 10201, அதாவது 1:2:1.

மென்பொருளின் உள்ளே நடப்பதும் அடிப்படையில் இதே பெருக்கல்தான். உங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிப்பொறி அறிவியல் படிப்பவர்கள் பைத்தான் மொழி கற்கிறீர்கள். அதில் 3001-இன் நான்காம் அடுக்கைக் கேட்டால் பதினான்கு இலக்கமும் குறையாமல் அச்சிடும். ஒரே ஒரு வரியில் நீங்களே ஓர் ஐசோடோப்பு மென்பொருள் எழுதிவிட்டீர்கள் என்று மார்தட்டிக்கொள்ளலாம். (சாதாரணக் கைக்கணிப்பானில் முயன்றால் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். அதைவிடத் தாளில் பெருக்குவது மேல்.)

இரண்டு வகை அணுக்கள் சமபங்கில் இருந்தால் வரும் 1, 2, 1; 1, 3, 3, 1 என்ற வரிசைகளைக் கணித ஆசிரியர் பாஸ்கல் முக்கோணம் என்று சொல்லித் தருவார். அது பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டு முன்பே நம் நாட்டில் அறியப்பட்டிருந்தது. செய்யுளில் குறிலும் நெடிலும் எத்தனை வகையாக அமையலாம் என்று பிங்கலர் யாப்பு நூலில் கேட்ட கேள்விக்கு, பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் 'மேரு பிரஸ்தாரம்' என்னும் எண்மலையாக இதை விளக்கினார். குறில் நெடில் என்பதை 79, 81 என்று மாற்றிவிட்டால் புரோமின் சேர்மங்களின் கோலம் அப்படியே கிடைத்துவிடும். யாப்பு படிப்பவருக்கும் வேதியியல் படிப்பவருக்கும் ஒரே கணக்கு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இதுவரை கணக்கு. இனி மென்பொருளை எங்கே நம்பக் கூடாது என்பதைப் பார்ப்போம். கார்பன் டெட்ராகுளோரைடின் வாய்பாட்டைக் கொடுத்தால், 152, 154, 156, 158, 160 என்ற நிறைகளில் ஐந்து குச்சிகளை அது வரைந்து காட்டும். நாம் பெருக்கிக் கண்ட கோலமேதான். ஆனால் அந்தத் திரவத்தை உண்மையான நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் அந்த ஐந்தும் அநேகமாகத் தென்படா. பெரிதாகத் தெரிவன 117, 119, 121 என்ற இடங்களில் உள்ள குச்சிகள். ஏனெனில் எலக்ட்ரானைத் தட்டிய வேகத்திலேயே அந்த மூலக்கூறு ஒரு குளோரினை உதறிவிடுகிறது. எஞ்சிய துண்டில் மூன்றே குளோரின். அதன் கோலம் 27:27:9:1. மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொன்னது. கேள்விதான் வேறு. மூலக்கூறு உடையுமா, எங்கே உடையும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. 27:27:9:1 என்பதைக் கையால் ஒரு முறை பெருக்கிப் பார்த்தவருக்கு, ஆஹா, இது மூன்று குளோரின், ஒன்று கழன்றுவிட்டது என்று உடனே பொறி தட்டும். பொத்தானை மட்டும் அழுத்தியவர், கருவி கெட்டுவிட்டது என்று சொல்லிப் போய்விடுவார்.

இன்னொரு இடம் இதைவிட நுட்பமானது. நம் ஊருக்கும் நெருங்கியது. என்னிடம் பயில வரும் மாணவர் பலர் மோகனூர், பரமத்திவேலூர் பக்கத்துப் பிள்ளைகள். காவிரிக் கரையில் ஒரு வயலில் கரும்பும் அடுத்த வயலில் நெல்லும் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதும் மோகனூரில்தான். ஆகவே சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை மூலக்கூறில் 12 கார்பன் அணுக்கள். கார்பனில் பெரும்பகுதி நிறை எண் 12; நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று மட்டும் 13. மென்பொருளைக் கேட்டால், நூற்றுக்கு 1.07 என்ற எண்ணை வைத்துக் கணக்கிட்டு, முதல் குச்சி 100 உயரம் என்றால் அடுத்த குச்சியில் கார்பனின் பங்கு 13 என்று காட்டும். எந்தச் சர்க்கரைக்கும் அதே விடை. மோகனூர்ச் சர்க்கரை, ஐரோப்பாவின் பீட் கிழங்குச் சர்க்கரை என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது.

ஆனால் செடிகளுக்கு அந்த வேறுபாடு உண்டு! காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஒரு லட்சம் கார்பன் அணுக்களை எடுத்தால் அவற்றுள் சுமார் 1096 அணுக்கள் கார்பன் 13. நெற்பயிர் காற்றை உட்கொள்ளும்போது இலேசான கார்பன் 12-ஐச் சற்று விரும்பி எடுத்துக்கொள்கிறது. 13-ஐ ஓரளவு ஒதுக்குகிறது. எனவே நெல்லின் மாவுப்பொருளில் லட்சத்துக்குச் சுமார் 1076 மட்டுமே. பீட், கோதுமை, மாமரம், தேனீ நாடும் பெரும்பாலான பூச்செடிகள் எல்லாம் இந்தக் கட்சி. கரும்பு வேறு வழியில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. 1965-இல் ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வாளர்கள் இதன் அடையாளத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் முழு வழியையும் விளக்கினார்கள். கரும்பு தன் இலைக்குள் வந்த கரியமில வாயுவை அதிகம் தப்பவிடாமல் பிடித்துக்கொள்வதால், ஒதுக்குவதற்கு வாய்ப்புக் குறைவு. அதன் சர்க்கரையில் லட்சத்துக்குச் சுமார் 1092. சோளமும் மக்காச்சோளமும் கரும்பின் கட்சியே. மக்காச்சோளத் தீவனம் தின்னும் கோழியின் முட்டையிலும் இந்த அடையாளம் இறங்கிவிடும். நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

லட்சத்தில் பதினாறு அணுக்கள். இது ஒரு வேறுபாடா என்று தோன்றும். ஆனால் தேன் வாங்குகிறவருக்கு இதுவே காவல். தேன் பெரும்பாலும் நெல்லின் கட்சியைச் சேர்ந்த பூக்களிலிருந்து வருவது. அதில் கரும்புச் சர்க்கரைப் பாகைக் கலந்தால் நாக்குக்குத் தெரியாது. சாதாரண வேதியியல் சோதனைக்கும் பிடிபடாமல் போகலாம். ஆனால் கார்பன் 13-இன் எண்ணிக்கை ஏறிவிடும். தேனை எரித்துக் கரியமில வாயுவாக்கி, அதற்கென்றே அமைந்த தனிவகை நிறை நிறமாலைமானியில் 44, 45 என்ற இரு குச்சிகளின் விகிதத்தை மிகத் துல்லியமாக அளக்கிறார்கள். தேனிலுள்ள சிறிதளவு புரதத்தையும் தனியே பிரித்து அளந்து ஒப்பிடுகிறார்கள். புரதத்துக்கும் தேனுக்கும் இடையே ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால், அதாவது லட்சத்துக்கு ஏறத்தாழ ஓர் அணு கூடியிருந்தால், கலப்படம் என்று கொள்கிறார்கள். முழுக் கரும்புக்கும் முழுப் பூவுக்கும் இடையே சுமார் பதினைந்து அணு வேறுபாடு. அதில் ஒன்று என்றால் பதினைந்தில் ஒரு பங்கு. அதாவது தேனில் ஏழு விழுக்காடு கரும்புச் சர்க்கரை கலந்தாலே பிடித்துவிடலாம்.

கலப்படக்காரர்களும் அறிவியல் படிக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். கரும்புப் பாகு அகப்பட்டுவிடும் என்று தெரிந்ததும் அரிசியிலிருந்து செய்த பாகுக்கு மாறினார்கள். நெல் பூக்களின் கட்சி அல்லவா? கார்பன் சோதனை அதைக் கண்டுகொள்ளாது. இந்தியாவில் விற்கும் தேனில் சோதனைகளுக்குத் தப்பும் பாகுகள் கலக்கப்படுகின்றன என்று 2020 டிசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்தபோது இதுதான் பேச்சாயிற்று. அதைக் கண்டறிய அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் வேறொரு முறை தேவைப்பட்டது. பரமத்திவேலூர் வட்டாரத்து வெல்லத்தையும் எண்ணிப் பாருங்கள். வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரை கலக்கிறார்கள் என்று அவ்வப்போது அதிகாரிகள் ஆலைக் கொட்டகைகளைச் சோதிப்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கார்பன் 13-ஆல் பிடிக்க முடியுமா? முடியாது. வெல்லமும் கரும்பு, சர்க்கரையும் கரும்பு. இந்த விடையை எந்த ஐசோடோப்பு மென்பொருளும் தானாக வந்து உங்களுக்குச் சொல்லாது. எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகியவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அணு நிறை என்பதே இடத்துக்கு இடம் சற்று மாறுவது என்பதை உலக வேதியியல் அமைப்பே ஒப்புக்கொண்டுவிட்டது. 2009-இல் ஐ.யூ.பி.ஏ.சி. அமைப்பு, ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் உள்ளிட்ட பத்துத் தனிமங்களுக்கு ஒற்றை எண்ணை விட்டுவிட்டு ஓர் எல்லையைக் குறிப்பதென்று முடிவு செய்தது. அதன்படி குளோரின் 35.446 முதல் 35.457 வரை, கார்பன் 12.0096 முதல் 12.0116 வரை. தேர்வில் 35.5 என்றே எழுதுங்கள், மதிப்பெண் குறைய வேண்டாம்! ஆனால் அது எந்த ஊர்ப் பொருளின் எண் என்ற கேள்வி மனத்தில் இருக்கட்டும்.

அப்படியானால் மென்பொருளே வேண்டாமா? வேண்டும், மிக வேண்டும். மனித இன்சுலினில் 257 கார்பன், 383 ஹைட்ரஜன், 65 நைட்ரஜன், 77 ஆக்சிஜன், 6 கந்தக அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஐசோடோப்புகள். இதைத் தாளில் பெருக்க முயன்றால் ஆயுள் போதாது. 257 கார்பனில் ஒன்றுகூடக் கார்பன் 13 இல்லாத இன்சுலின் நூற்றில் ஆறுதான் இருக்கும் என்பதை மட்டும் நீங்கள் மடக்கை கொண்டு கண்டுவிடலாம் (0.9893-இன் 257-ஆம் அடுக்கு). ஆகவே சிறிய மூலக்கூறில் மிக உயரமாக நின்ற முதல் குச்சி இங்கே குட்டையாகிவிடும். முழுக் கோலத்துக்குக் கணிப்பொறியே கதி. மிகச் சிறிய பங்குகளைக் கத்தரித்துவிட்டு இத்தகைய கோலங்களைக் கணிக்கும் பொது முறை ஒன்றை 1983-இல் ஜேம்ஸ் எர்கி வெளியிட்டார். பின்னர் ஃபூரியே மாற்றம் என்னும் கணித உத்தியால் வேலை இன்னும் விரைவாயிற்று. ஒலியலைகளைப் பகுக்க நாங்கள் இயற்பியலில் பயன்படுத்தும் அதே உத்திதான்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் சிலர் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம், பாடத்திட்டம் மலைபோல், பொதுத்தேர்வில் நிறை நிறமாலை வரப்போவதில்லை, ஒரு நிமிடத்தில் மென்பொருளைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதே நடைமுறை என்பார்கள். அவர்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் சராசரி அணு நிறைக்கு ஒரு பாடவேளை கொடுக்கத்தானே செய்கிறோம்? 35-ஐ 75-ஆல் பெருக்கு, 37-ஐ 25-ஆல் பெருக்கு, கூட்டி நூறால் வகு என்ற கணக்கை மூன்று தடவை கரும்பலகையில் போடுகிற நேரத்தில், ஒரு தடவை கொட்டையை உருட்டலாம். செலவு ஒன்றும் இல்லை. புளி வாங்காத வீடு தமிழ்நாட்டில் ஏது? ஆய்வகமே இல்லாத பள்ளியிலும், இணையம் எட்டாத ஊரிலும் இது நடக்கும். மென்பொருளை முதலில் காட்டும் வகுப்பில், படம் அழகாக இருந்தது என்பதே மறுநாள் மிஞ்சுவதை நான் பார்த்திருக்கிறேன். உருட்டிய பிறகு காட்டினால், ஏன் சார், இது 76 என்று எடுத்துக்கொள்கிறதா, 75 என்று எடுத்துக்கொள்கிறதா என்று கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்காகவே நான் வாதாடுகிறேன்.

மென்பொருள் செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கென்று செய்யும்போது, கணக்கில் எடுத்துக்கொண்ட ஐசோடோப்புப் பங்குகளை எங்கோ ஒளித்து வைக்காமல் திரையிலேயே காட்டுங்கள். அவற்றை மாணவர் மாற்றிப் பார்க்க வழி செய்யுங்கள். கார்பனுக்கு 1.07 என்ற இடத்தில் கரும்பின் 1.092-ஐ இட்டுப் பார்த்தால், சர்க்கரையில் கார்பனின் பங்கு 12.98-இலிருந்து 13.25-க்கு ஏறுவதை அவரே காணட்டும். தமிழிலும் இருந்தால் இன்னும் நன்று.

கடைசியாக உங்களுக்கு ஒரு புதிர். குளோரின் இட்டுத் தூய்மை செய்த குடிநீரில் மிகச் சிறு அளவில் தோன்றக்கூடிய ஒரு சேர்மம். அதன் நிறமாலையில் 162, 164, 166, 168 என்ற இடங்களில் மிகக் குட்டையான நான்கு குச்சிகள், உயரங்கள் 9:15:7:1. அவற்றுக்கு வெகு கீழே 83, 85, 87 என்ற இடங்களில் உயரமான மூன்று குச்சிகள், உயரங்கள் 9:6:1. மூலக்கூறில் கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று. மற்றவை எவை, எத்தனை? உடைந்தபோது கழன்றது எது? 301, 101 என்ற இரண்டு எண்களும் ஒரு தாளும் இருந்தால் போதும். விடை கிடைத்தபின் மென்பொருளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.